கயிற்றின் கடைசி ஆள்

அல்தாப் விளிம்பிலிருந்து குதிக்க வேண்டும். அதே கயிற்றில் அவனுக்குப் பின்னால் கட்டியிருக்கும் நானும் தமிழ்மாறனும் அந்த நொடியே குப்புற விழுந்து, பனிக்கோடாரியை நெஞ்சுக்கடியில் மண்ணில் குத்தி, அவன் பாரத்தைத் தாங்க வேண்டும். எழுந்து ஓடக் கூடாது. பயிற்சி என்று பார்த்தால் அவ்வளவுதான். கீழே விழுவதற்கு என்ன படிப்பா வேண்டும்? ஆனால் தமிழ்மாறனுக்கு அது மட்டும் வரவே இல்லை.

பயிற்சி நடந்த இடம் அரியலூருக்கு வெளியே, கல்லெடுத்து முடித்துக் கைவிட்ட ஒரு சுண்ணாம்புக்கல் குழி. படிப்படியாக வெட்டி இறங்கிய சுவர்கள், அடியில் அசையாத பச்சைத் தண்ணீர். வெயில் ஏறினால் குழி முழுவதும் வெள்ளையாகக் கண்ணைக் கூசவைக்கும். நாங்கள் போகப்போகிற பனியாற்றிலும் இப்படித்தான் கண் கூசும் என்று சொன்னேன். அங்கேயாவது குளிரும், இங்கே அடுப்பில் வைத்த சட்டி மாதிரி இருக்கிறதே என்றான் அல்தாப். அவன் என் தாய்மாமன் மகன். மூவரில் எடை குறைந்தவன் என்பதால் குதிக்கும் வேலை அவனுக்கு.

திட்டம் என்னுடையது. எனக்குத் துபாயில் கிடங்கு வேலை. இரண்டு லீவை ஊருக்கு வராமல் வடக்கே மலையேற்றப் பயிற்சியில் கழித்தவன் நான். லெப்பைக்குடிக்காட்டில் என் வீட்டார் அதை இன்றுவரை சொல்லிக்காட்டுகிறார்கள். இந்தத் தடவை இமாசலத்தில் ஒரு பள்ளத்தாக்கு வழியாக ஏறி, பெரிய பனியாற்றின் மேலேயே நடந்து, கணவாயைத் தாண்டி, ஸ்பிட்டிப் பக்கம் இறங்க வேண்டும். நடுவில் ஊர் கிடையாது, போன் எடுக்காது. பாதி வழி வரை திரும்பி வரலாம். அதற்கப்புறம் கையோ காலோ உடைந்தாலும் முன்னால் போவதுதான் வழி.

பெரம்பலூரில் என் நண்பன் தமிழ்மாறனின் லேத் பட்டறைத் தரையில் வரைபடத்தை விரித்துப் பேசினோம். எங்கே கூடாரம் போடுவது, யார் எதைச் சுமப்பது, வெயில் ஏறிப் பனி இளகுவதற்குள் எந்த இடத்தைக் கடந்திருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். ஆபத்தான இடங்களைச் சிவப்பு மையால் வட்டமிடச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் பனியாறு முழுக்கச் சிவப்பாகிவிட்டது. வட்டம் போடாத இடத்தை மட்டும் சொல், வேலை சீக்கிரம் முடியும் என்று தமிழ்மாறன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மணாலியில் பேசி வைத்திருந்த வழிகாட்டி, போனில் மற்ற எதையும்விட ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். பனியாற்றில் ஆழமான வெடிப்புகள் இருக்கும், புதுப்பனி மேலே மூடியிருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. நாலு பேரும் ஒரே கயிறு, அவர் முன்னால், நாங்கள் பின்னால். ஒருவர் உள்ளே போனால் மற்றவர்கள் விழுந்து தாங்க வேண்டும். பதறி விளிம்புக்கு ஓடினால் கயிறு தளர்ந்து அவர் இன்னும் ஆழத்துக்குப் போவார். விளிம்பும் உடையும். ஓடியவனும் போவான், கயிற்றில் இருக்கிற எல்லோரையும் இழுத்துக்கொண்டு போவான். அப்படிப் போன ஒரு குழுவைத் தெரியும் என்றார். அவர்களை வெளியே எடுத்தார்களா என்று கேட்டேன். இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு, எங்கள் ஊரில் மழை உண்டா என்று விசாரித்தார்.

எங்கள் பக்கம் கிணற்றில் ஆள் விழுந்த சத்தம் கேட்டால் ஊரே ஓடும். ஓடாதவனை மனுஷனாக மதிக்க மாட்டார்கள். தமிழ்மாறன் அதில் முதல் ஆள். திருமானூரில், கரும்புக்கொல்லைக் கிணற்றில் தவறி விழுந்த ஒரு பையனை, பின்னாலேயே குதித்துத் தூக்கியவன் அவன். இப்போது அவன் மனைவியாக இருக்கும் ஜோதியின் தம்பி அந்தப் பையன். லேத் பட்டறை அப்போது கிடையாது, கையில் ஒன்றும் கிடையாது. ஆனாலும் ஜோதியின் அப்பா அமிர்தலிங்கம் அடுத்த தையில் பெண்ணைக் கொடுத்துவிட்டார்.

இந்தக் குணத்தை வைத்துக்கொண்டுதான் அவன் கயிற்றின் கடைசி ஆளாக நின்றான். மூவரில் கனமானவன், நங்கூரம் போல நிற்க வேண்டியவன். அல்தாப் குதித்ததும் கோடாரியைக் கீழே போட்டுவிட்டு, "அல்தாப்பு, அடி பட்டுடுச்சாடா?" என்று விளிம்புக்கு ஓடுவான். கயிறு தளரும். நடுவில் இருக்கும் என்னை அல்தாப்பின் பாரம் தரையோடு இழுத்துக்கொண்டு போகும். முழங்கை இரண்டும் உரிந்து, வாய்க்குள் சுண்ணாம்புப் பொடியோடு நான் கத்துவேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பான். மறுபடி குதித்தால் மறுபடி ஓடுவான்.

ஓடுவதை அல்தாப் வீடியோ எடுத்து வழிகாட்டிக்கு அனுப்பினான். பதில் உடனே வந்தது. இந்த ஆள் வந்தால் நான் வரமாட்டேன். கனமான ஆள் கடைசியில் இல்லாத கயிற்றிலும் வரமாட்டேன். ஆக, தமிழ்மாறன் மாற வேண்டும், இல்லையென்றால் பயணமே இல்லை.

விட்டுவிடலாம், மலை எங்கேயும் ஓடிவிடாது என்று நான் சொன்னேன். அவன் கேட்கவில்லை.

"எங்க தாத்தா அடுத்தவன் கொல்லையில கரும்பு வெட்டியே செத்தாரு. எங்கப்பா திருச்சியத் தாண்டுனதில்ல. நானும் வெயிலத் தவிர ஒண்ணும் பாக்கல மாப்ள. ஒரு வாரம் குடு, பழகிடுறேன்."

பழகினான். பட்டறையில் வேலையாளை விட்டு, சொல்லாமல் கொள்ளாமல் இரும்புக் கம்பியைக் கீழே போடச் சொன்னான். சத்தம் கேட்டதும் குப்புற விழுந்தான். பஸ் ஸ்டாண்டில் ஒரு லாரி டயர் வெடித்தபோது பழக்கடை முன்னால் விழுந்து கிடந்தானாம். ஜோதி எனக்குப் போன் செய்து, அடுப்படியில் குண்டான் கை தவறி விழுந்ததற்கு அவன் கூடத்தில் குப்புறப் படுத்துவிட்டதாகச் சொன்னாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"தூக்கத்துலயும் கை எதையோ புடிச்சுக்கிட்டே இருக்குண்ணே. என்னத்தச் சொல்லிக் குடுத்தீங்க?" என்றாள்.

நான் பேச்சை மாற்றினேன். உள்ளுக்குள் என்னவோ சரியில்லை என்று பட்டது. பட்டும், பயணத் தேதியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கடைசிப் பயிற்சி. தமிழ்மாறன் ஜோதியையும் வரச் சொல்லியிருந்தான். தான் தேறிவிட்டதை அவள் பார்க்க வேண்டுமாம். கீழப்பழுவூர் அங்கன்வாடியில் வேலை பார்ப்பவள், ஸ்கூட்டியில் புளிச்சோறும் முட்டையும் எடுத்துக்கொண்டு வந்தாள். விளிம்பிலிருந்து தள்ளி நிற்கச் சொன்னோம். நின்றாள்.

அல்தாப் குதித்தான். தமிழ்மாறன் வெட்டிய மரம் போல விழுந்தான். கயிறு விறைத்து நின்றது. என்னை ஒரு சாண்கூட இழுக்கவில்லை. மறுபடியும் செய்தோம், மறுபடியும் நின்றது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கயிற்றை அவிழ்த்துப் போட்டுவிட்டு நானும் அல்தாப்பும் தண்ணீர் குடிக்கத் தள்ளிப் போனோம். தமிழ்மாறன் இடுப்பில் மாட்டிய ஹார்னஸ் வாரை மட்டும் கழற்றாமல், கோடாரியில் ஒட்டிய மண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஜோதி அவனுக்குச் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு போனாள். குறுக்கே போகிறேன் என்று விளிம்பை ஒட்டி நடந்துவிட்டாள்.

மண் சரிந்த சத்தம் முதலில் கேட்டது. அப்புறம் அவள் குரல். திரும்பிப் பார்த்தபோது அவள் நடந்துகொண்டிருந்த இடம் காலியாக இருந்தது.

நானும் அல்தாப்பும் ஓடினோம். பனியாற்றில் செய்யக் கூடாது என்று நான் நாள்கணக்காகக் கத்தியதையெல்லாம் செய்துகொண்டு ஓடினோம். விளிம்பில் மண்டியிட்டு எட்டிப் பார்த்தேன். கீழ்ப்படியில் ஒருக்களித்துக் கிடந்தாள். ஒரு கை மடங்கியிருந்தது. அவளுக்குக் கொஞ்சம் கீழே அந்தப் பச்சைத் தண்ணீர். உதிர்ந்த மண் இன்னும் அதில் விழுந்துகொண்டிருந்தது. அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள், அல்தாப்பின் முகத்தைப் பார்த்தாள். பிறகு எங்கள் இருவருக்கும் நடுவில் தேடினாள்.

"அவரு எங்கண்ணே?"

நான் திரும்பினேன். எங்களைவிட அவளுக்கு அருகில் இருந்தவன் அவன்தான். நாலு எட்டு வைத்திருந்தால் போதும். அங்கேயே குப்புறக் கிடந்தான். கோடாரி நெஞ்சுக்கடியில் பிடிவரை இறங்கியிருந்தது. கால் இரண்டையும் அகட்டி, முகத்தை மண்ணில் புதைத்து, சொல்லிக்கொடுத்ததில் ஒரு பிசகில்லாமல் விழுந்திருந்தான். அவன் இடுப்பில் கயிறே இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டும் எழவில்லை. தோளைப் பிடித்து உலுக்கியபோது, முகத்தைத் தூக்காமலேயே கேட்டான்.

"கயிறு நின்னுச்சா?"

கயிற்றைக் கட்டிக்கொண்டு அல்தாப் இறங்கினான். மூவருமாக அவளை மேலே ஏற்றினோம். தமிழ்மாறனும் இழுத்தான், நன்றாகவே இழுத்தான். ஆனால் அவள் மேலே வந்ததும் பக்கத்தில் போகாமல் கயிற்றைச் சுற்றிக்கொண்டே நின்றான்.

அரியலூர் ஆஸ்பத்திரியில் மணிக்கட்டு எலும்பு முறிவு என்று சொல்லிக் கட்டுப் போட்டார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, பயணத்தை நிறுத்திவிட்டேன், மணாலிக்காரருக்குச் சொல்லிவிடுகிறேன் என்று ஜோதியிடம் சொன்னேன். சொல்லும்போதே எனக்கு அழுகை வந்தது. அவளுக்கு வரவில்லை.

"எதுக்குண்ணே நிறுத்துறீங்க? கூட்டிட்டுப் போங்க. இனிமே யாரு உழுந்தாலும் அவரு ஓட மாட்டாரு."

கோபமாகச் சொல்லவில்லை. அங்கன்வாடிப் பிள்ளைகளைப் பற்றிப் பெற்றவர்களிடம் சொல்வது போலச் சொன்னாள். தமிழ்மாறன் மாத்திரைக் கவரோடு வாசலில் நின்றிருந்தான். கேட்டிருப்பான். நான் இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் உள்ளே வந்தான்.