பதினோரு சாயங்காலங்கள்

தையல் ஆலையின் ஆபீஸ் அறையில் இருந்த கிழட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் ரிப்பேர்காரன் உட்கார்ந்தான். முந்தின நாள் சாயங்காலம் கூட்டத்தோடு கூட்டமாகக் கிளம்பிய மேனேஜர் அட்டெண்டன்ஸ் கார்டைத் தேய்த்தது பதிவாகவில்லை. பெரிய மனிதர் பெயர் விடுபட்டால்தானே மெஷினுக்குச் சீக்கு என்று ஒத்துக்கொள்வார்கள்.

கோளாறு சீக்கிரமே பிடிபட்டது. வாசலில் கார்டு தேய்க்கும் பெட்டியிலிருந்து வரும் கேபிள் கம்ப்யூட்டரின் சீரியல் போர்ட்டில் சேர்கிறது. மணி அடித்ததும் முந்நூறு பேர் முட்டிமோதித் தேய்க்கிறார்கள். வருகிற எண்களை முதலில் பிடித்துவைக்கும் இடத்துக்குப் பஃபர் என்று பெயர். கம்ப்யூட்டர் எடுத்துத் தீர்ப்பதற்குள் அது நிரம்பிவிட்டால், அப்புறம் வருவதெல்லாம் குடம் நிறைந்த பிறகு ஓடும் குழாய்த் தண்ணீர்தான். வரிசையில் கடைசியாக நிற்பவர்கள் தேய்த்தும் தேய்க்காதவர்கள்.

கடைசியாக நிற்பது எப்போதும் பேக்கிங் பிரிவு. அவனுடைய அக்கா அங்கேதான் ஒன்பது வருஷம் வேலை பார்த்தாள். பதினோரு சாயங்காலம் சொல்லாமல் பாதியில் போய்விட்டாள் என்று போன மாதம் அவளை வேலையை விட்டு நிறுத்தினார்கள். "மெஷின் பொய் சொல்லாதுக்கா, நீதான் தேய்க்க மறந்திருப்பே" என்று அன்றைக்குத் தீர்ப்புச் சொன்னவன் இவன்.

பஃபர் நிரம்பினால் வர வேண்டிய எச்சரிக்கை ஏன் திரையில் வரவில்லை என்று துழாவினான். யாரோ அதை மறைத்துவைத்திருந்தார்கள். யாரோ என்ன யாரோ! முன்பெல்லாம் அது வரும்போது கிளார்க் வாசலுக்குப் போய் விடுபட்டவர்களின் பெயரைக் கையால் எழுதிக்கொள்வார். எழுந்து போக அலுத்துப்போய், ஆறு மாதத்துக்கு முன்னால் இவனைக் கூப்பிட்டார். என்ன எழுதியிருக்கிறது என்றுகூடப் படிக்காமல், 'மீண்டும் காட்டாதே' என்பதில் டிக் போட்டுவிட்டுப் போன மகானுபாவன் இவனேதான்.

பஃபரைப் பெரிதாக்கினான். அது நிரம்பினால் வாசல் பெட்டி காத்திருக்கும்படி செட்டிங்கை மாற்றினான். பத்து நிமிஷ வேலை. பிறகு மேனேஜரிடம் போய், தன் தப்பு உட்பட எல்லாவற்றையும் சொல்லி, அக்காவைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்படி கெஞ்சினான்.

"அந்த இடத்துக்கு ஆள் போட்டாச்சுப்பா. இதைக் கிளறினா இன்னும் நாலு பேர் வந்து நிப்பாங்க" என்றார் அவர், தன் கார்டு பதிவாகிறதா என்று தேய்த்துப் பார்த்தபடியே.

வீட்டுக்குப் போய் அக்காவிடமும் ஒன்று விடாமல் சொன்னான். அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் அலமாரியிலிருந்து பாதி தீர்ந்த மாத்திரை அட்டை ஒன்றை எடுத்துவந்து அவன் முன்னால் வைத்தாள்.

"நீ அப்படிச் சொன்னதும் எனக்கே என் மேல சந்தேகம் வந்துடுச்சுடா. மறதிக்குன்னு டாக்டர்கிட்ட போய் வாங்கினேன்" என்றாள். "அப்போ இனிமே இதைப் போட வேண்டாமா?"