டேரில் எழுதிய வரி

1.

இந்தக் கதை ஒரு மேனேஜரின் வாயிலிருந்து வந்தது. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நாசி கண்டார் கறிச்சோறு தின்றுகொண்டிருந்தேன். பக்கத்து மேசையில் ஒருவர், தனக்குக் கீழே வேலை பார்க்கும் பெண் செய்ததையெல்லாம் தான் செய்ததாக அளந்துகொண்டிருந்தார். எனக்குச் சோறு இறங்கவில்லை. அவருக்கு டேரில் என்று பெயர் வைத்தேன். மரியாதை இவ்வளவு போதும், இனி அவன்.

2.

பத்து காவான் தொழிற்பேட்டையில் மழை தூறிக்கொண்டிருந்த... வேண்டாம். தொழிற்சாலைக்குள் ஏசி. மழை பெய்தால் என்ன, பெய்யாவிட்டால் என்ன?

நட்டாலி அங்கே புதிதாகச் சேர்ந்த மென்பொருள் பொறியாளர். அவளை நிரந்தரமாக்குவதா, அனுப்பிவிடுவதா என்று டேரில்தான் மேலிடத்துக்குச் சொல்ல வேண்டும். இன்று பார்த்து நிரல் ஓடவில்லை. வெளியிலிருந்து வாங்கிய கேமரா லைப்ரரியில், அதாவது ஆயத்த நிரல் தொகுப்பில், உள்ள எதைக் கேட்டாலும் 'தெரியாது' என்று லிங்கர் கைவிரித்தது.

[லிங்கர் என்பது நம் நிரலையும் வாங்கிய லைப்ரரியையும் ஒன்றாகக் கோக்கும் மென்பொருள். கட்டளை வரியை இடமிருந்து வலமாகப் படிக்கும். யாரும் கேட்பதற்கு முன்பே லைப்ரரி வந்து நின்றால், ஒன்றும் எடுக்காமல் தாண்டிப் போய்விடும். பிறகு நிரல் வந்து கேட்டாலும் திரும்பிப் பார்க்காது. புரியாவிட்டால் இன்னொரு முறை படியுங்கள், குடியா முழுகிவிடும்?]

3.

“என்னா லா நட்டாலி, லைப்ரரி அங்கதானே இருக்கு! கண்ணு தெரியலியா?”

“ஃபைல் இருக்கு அண்ணே. வரியில முன்னுக்குப் போட்டதுதான் தப்பு. அது நீங்க எழுதுன வரி.”

“எனக்கே பாடமா?”

(டேரிலுக்கும் ஒரு நல்ல குணம் கொடுக்கலாமே என்று தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.)

அவன் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு தே தாரிக் டீ குடிக்கப் போனான். நட்டாலி லைப்ரரியின் பெயரை வெட்டி வரியின் கடைசியில் ஒட்டினாள். ஓர் எரர்கூட வரவில்லை. நிரல் ஓடியது.

4.

திரும்பி வந்தவன் மேலிடம் உட்பட எல்லோருக்கும் மின்னஞ்சல் போட்டான்: நட்டாலி செய்த தவற்றை நான் சரிசெய்தேன், இவள் தேறுவது சந்தேகம். தூ!

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடுவதாக ஒரு முடிவு எழுதினேன். அப்படிப்பட்ட பெண் என்றால் உங்களுக்கு உச்சி குளிர்ந்துவிடும். கிழித்துப் போட்டேன். மேலிடம் டேரிலைத் துரத்துவதாக இன்னொன்று எழுதினேன். எந்த ஆபீசில் நடக்கிறது அது? அதையும் கிழித்தேன்.

இப்போது நட்டாலியின் திரையில் பதில் தயார்: 'அந்த வரி டேரில் எழுதியது. திருத்தியது நான்.' எல்லோருக்கும் போகும். இந்த வேலை அவளுக்கு வேண்டும்.

அனுப்பும் பொத்தானை நீங்கள் அழுத்துங்கள்.

கை வரவில்லையா? அப்புறம் டேரில் எப்படி மேனேஜரானான் என்று என்னிடம் கேட்காதீர்கள்.