ஏழு மணிக்குச் சூடாகும் குழாய்

இரண்டடி ஆழத்தில் கன்னியம்மாவின் கடப்பாரை எதிலோ இடித்து நின்றது. மண்ணைக் கையால் தள்ளியபோது நாலு அங்குலச் சாம்பல் நிறக் குழாய் ஒன்று தெரிந்தது. எப்சி உள்ளே போய் வீட்டு வரைபடத்தை எடுத்து வந்தாள். அவள் வீட்டுக் குழாய்கள் எல்லாமே மேற்குப் பக்கம். கிழக்கே, மதிலுக்கும் கிணற்றுக்கும் நடுவில், தாள் வெறுமையாக இருந்தது. அப்படியானால் இது யாருடையது? உள்ளே என்ன போகிறது?

தெரிந்தே ஆகவேண்டும். போர்வெல் தண்ணீர் உப்பாகிப் போன பிறகு அந்த உறைக்கிணறு ஒன்றுதான் வீட்டுக்கு. போன மழையிலிருந்து அதில் சோப்பு வாடை. தூர்த்துவிட்டு லாரித் தண்ணீர் வாங்குங்கள் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். வாடை எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் தூர்ப்பதாக இல்லை என்று சொல்லிவிட்டு, மதிலோரம் தோண்டக் கன்னியம்மாவைக் கூலிக்குக் கூப்பிட்டிருந்தாள்.

சத்தம் கேட்டு மதிலுக்கு மேலே பக்கத்து வீட்டு ஏசுதாசன் எட்டிப் பார்த்தார். ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், சபைக் கமிட்டியில் இருப்பவர்.

"அது பழைய ஓனர் காலத்து டெட் லைன்மா. அதுல ஒண்ணும் போகல. குழியை மூடிடு, மதில் வீக் ஆயிடும்."

எப்சி தலையாட்டினாள். ஆனால் அவளும் கணவனும் கட்டும்வரை இந்த மனையில் வீடே இருந்ததில்லை. காலி மனைக்குப் பழைய ஓனர் எதற்குக் குழாய் போடுவார்? சேலையூரில் காலி மனை கிடந்தால் அக்கம்பக்கத்துக் குளியல் தண்ணீர் எல்லாம் அதில்தான் வந்து விழும். வீடு எழும்பிய பிறகும் மண்ணுக்குக் கீழே பழக்கம் மாறுவதில்லை.

மஸ்கட்டிலிருந்து பேசிய கணவன் ஆஸ்டின், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஏசுதாசனோடு ஒரே பெஞ்சில் உட்கார வேண்டும், விட்டுவிடு என்றான். எப்சி விடவில்லை. பன்னிரண்டு வருடமாக டயாலிசிஸ் பிரிவில் வேலை. ஒரு டியூபைத் தொடுவதற்கு முன் மூன்று கேள்வி கேட்கவேண்டும் என்று அங்கே பழகியிருந்தாள். எங்கிருந்து எங்கே போகிறது, உள்ளே என்ன, எவ்வளவு அழுத்தம்.

மின்சாரக் கம்பி போகும் குழாயோ என்ற சந்தேகத்தைக் கன்னியம்மா தீர்த்தாள்.

"கரண்டுன்னா மேல செங்கல்லு அடுக்கி வெச்சிருப்பானுங்கமா. இது மொட்டையா கீது."

எப்சி ரசமட்டத்தைக் குழாய்மேல் வைத்தாள். குமிழி மதில் பக்கம் நகர்ந்தது. மதில் பக்கம் உயரம், கிணற்றுப் பக்கம் தாழ்வு. மோட்டார் தள்ளும் நல்ல தண்ணீருக்குச் சரிவு தேவையில்லை, அது மேட்டிலும் ஏறும். தானாக ஓடவேண்டிய கழிவுக்குத்தான் சரிவு வேண்டும்.

மறுநாள் காலையில் தன் வீட்டு வால்வுகளையெல்லாம் மூடிவிட்டுக் குழிக்குள் இறங்கி, குழாயின் அடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கழிவு நீர் குழாயை நிறைத்து ஓடாது, அடியில்தான் ஓடும். ஆறரைக்குச் சில்லென்று இருந்தது. ஏழு மணிக்கு வெதுவெதுப்பானது. கால் மணி நேரத்தில் மறுபடி சில்லிட்டது.

"செத்த பைப்புக்கு ஜொரம் வர்து பாரு," என்றாள் கன்னியம்மா.

எப்சி ஏசுதாசன் வீட்டுக்குப் போய், அவருடைய குளியலறையில் ஒரு வாளி மஞ்சள் தண்ணீர் ஊற்றி, அது கிணற்றில் வருகிறதா என்று பார்க்கலாமா என்று கேட்டாள். அவர் வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

"என் பாத்ரூம்ல கலர் ஊத்த நீ யாரு? நான்தான் டெட் லைன்னு சொல்றேனே."

"நிச்சயமா அங்கிள்? அதுல எதுவும் போகல?"

"நூறு பர்சென்ட்."

"சரி அங்கிள்," என்று சொல்லிவிட்டு எப்சி குழாய் முனையை அடைக்கும் மூடி வாங்கக் கேம்ப் ரோடு ஹார்டுவேர் கடைக்கு நடந்தாள். மஞ்சள் எதற்கு? வரும் பக்கத்தை மூடினால் போதும். எந்த வீட்டில் தண்ணீர் தேங்குகிறதோ அந்த வீட்டுக் குழாய்.

அடுத்த நாள் ஆறு மணிக்குக் குழாயின் உச்சியில் சின்னதாக ஒரு துளை போட்டாள். அழுத்தம் இருந்தால் பீய்ச்சியடிக்கும். ஒன்றும் வரவில்லை, வாடை மட்டும் வந்தது. கன்னியம்மா பிடித்துக்கொள்ள, துளைக்கும் மதிலுக்கும் நடுவில் ரம்பத்தால் அறுத்தாள். மதில் பக்கத்து முனையை ஈரம் போகத் துடைத்து, பசை தடவி, மூடியைத் திருகி அழுத்தினாள். இருவரும் மண்மேட்டில் உட்கார்ந்து டீ குடித்தார்கள்.

ஏழே காலுக்கு மதிலுக்கு மேலே ஏசுதாசன் தெரிந்தார். தோளில் துண்டு, ஒரு காதில் சோப்பு நுரை. குனிந்து மூடியைப் பார்த்தார்.

"எப்சிமா, பாத்ரூம்ல தண்ணி நிக்குது."

"டெட் லைனைத்தானே அங்கிள் மூடியிருக்கேன்."

அவர் குரலைத் தாழ்த்தி, ஒரு வாரம் மட்டும் திறந்துவிடச் சொன்னார். இல்லாவிட்டால் சபையில் பேசவேண்டியிருக்கும் என்றார்.

"பேசுங்க அங்கிள், நானும் வரேன். மூடி இப்படியேதான் இருக்கும். நீங்க உங்க வாசப் பக்கம் தண்ணி ஊற ஒரு சோக் பிட் வெட்டிக்கோங்க."

"நாளிக்கே வந்து வெட்டித் தர்றேன் சார்," என்றாள் கன்னியம்மா, டம்ளரைக் கவிழ்த்து வைத்தபடி.

எப்சி குழிக்குள் இறங்கி மூடியைத் தொட்டாள். உள்ளே தண்ணீர் வந்து முட்டி நின்றிருந்தது. வெதுவெதுப்பு விரலுக்குத் தெரிந்தது. விளிம்பைச் சுற்றித் தடவினாள். ஒரு சொட்டுகூடக் கசியவில்லை.