சட்டியில் வளர்ந்த மூத்தாள்

என் கணவருக்கு நான் மூன்றாம் தாரம் என்று சொல்லித்தான் எடப்பாடியில் கட்டிக்கொடுத்தார்கள். வந்த பிறகுதான் தெரிந்தது, நான் நான்காவது.

மேட்டூரில் அணை கட்டி முடித்த வருஷம் அது. எனக்குத் தாய் தகப்பன் இல்லை. ஓமலூரில் அண்ணன் வீட்டில் வளர்ந்தேன். வயது இருபதைத் தாண்டிவிட்டது. என்னைத் தள்ளிவிட்டால் போதும் என்று அண்ணி காத்திருந்தாள். மாப்பிள்ளை மருதாசலம் தறி நெய்கிறவர், சொந்த வீடு, குடி கிடையாது என்று சத்தமாகச் சொன்னார்கள். முதல் மனைவியும் இரண்டாம் மனைவியும் பிரசவத்தில் செத்ததை மட்டும் மெதுவாகச் சொன்னார்கள்.

வீட்டில் ஒரு பக்கம் தறிக்குழி. கொல்லை முழுக்க மரங்கள். மரம் என்றால் முழங்கை உயரம்கூட இருக்காது. வேம்பு, அத்தி, இச்சி எல்லாம் தட்டையான மண்சட்டிகளில் கிழட்டு முறுக்கோடு நிற்கும். இளவயதில் துணி விற்கப் பினாங்குக்குப் போனவர், அங்கே ஒரு சீனக்காரரிடம் கற்றுக்கொண்ட வேலையாம். கன்று வாங்கி வைக்கமாட்டார். விதை போட்டு முளைக்க வைத்தால்தான் அவருக்கு மரம். கொட்டையை ஊறவைத்து மணலில் ஊன்றுவார். இரண்டு இலை விட்டதும் பிடுங்கி, ஆணிவேரைக் கத்தரித்துச் சட்டியில் வைப்பார். அப்புறம் வருஷாவருஷம் சட்டியைக் கவிழ்த்து வேரைக் குறைப்பார். கிளைகளில் கம்பி சுற்றி வளைப்பார்.

"அதுக்கு வலிக்காதுங்களா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பழகிக்கும்" என்றார். எனக்கும் சேர்த்துச் சொல்கிறாரோ என்று தோன்றியது.

ஒரே ஒரு புளிக்கு மட்டும் வீட்டுக்குள் இடம். தறிக்குப் பக்கத்து ஜன்னலில், பச்சைப் பீங்கான் சட்டியில் இருந்தது. காலையில் முதல் செம்புத் தண்ணீர் அதற்குத்தான். வெள்ளிக்கிழமையானால் மஞ்சள், குங்குமம், ஒரு முழம் பூ. புளியமரத்தில் பேய் குடியிருக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், சாமிகூட இருக்குமா என்று கேலி பண்ணினேன். அவர் சிரிக்கவில்லை. "அதை மட்டும் தொடாதே" என்றார்.

தறிக்கு வேண்டிய பாவு நூலை நீட்டி ஓட்ட அவர் தெருவுக்குப் போய்விட்டால் வீட்டில் நான் மட்டும்தான். நல்ல வெயில் நேரத்தில், யாரோ இப்போதுதான் குளித்துவிட்டு வந்த மாதிரி பச்சை மஞ்சள் வாசம் வரும். நான் அன்று மஞ்சளே பூசியிருக்க மாட்டேன். கொடியில் நான் போட்ட சேலை வேறு மாதிரி மடித்துக் கிடக்கும். அடுப்பங்கரையில் நான் வைத்த இடத்தில் கரண்டி இருக்காது. பயமாக இருந்தது என்பதைவிட எரிச்சலாக இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆனியில் எனக்கு நாள் தள்ளிப்போனது. அதே மாதம் அந்தப் புளி பூத்தது. அவர் சந்தோஷத்தில் இருப்புக்கொள்ளாமல் நடந்தார். எதற்குச் சந்தோஷம் என்றுதான் எனக்குப் புரியவில்லை. பூவெல்லாம் உதிர்ந்து ஒரே ஒரு பிஞ்சு நின்றது.

சேதி கேட்டு மோகனூரிலிருந்து அவருடைய அக்கா வள்ளியாத்தாள் வந்தார். நான் நங்கையா என்று கூப்பிடுவேன். குங்குமச் சிமிழை எடுத்தவர் நேரே ஜன்னலுக்குப் போய்ப் புளிக்குப் பொட்டு வைத்துவிட்டு, அப்புறம்தான் என்னிடம் வந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏனுங்க நங்கையா, மாசமா இருக்கறது நானா, அந்தப் புளியா?"

அவர் முகம் வெளுத்துப்போனது. "உனக்கு ஆரும் சொல்லலியா சாமி?" என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்தார்.

மூன்றாம் தாரம் நிலைக்காது என்பது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. அதனால் வாழைக்குத் தாலி கட்டி, அதை வெட்டிச் சாய்த்துவிடுவார்கள். மூன்றாமவளுக்கு வந்த சாவு வாழையோடு போய்விடும். பெண் நான்காவதாக வந்து பிழைத்துக்கொள்வாள். எங்கள் கல்யாணத்துக்கு முந்தின நாள் வாழையும் வாசலில் தயாராக நின்றிருக்கிறது. தாலியைக் கையில் வாங்கியவர் உள்ளே போய் இந்தச் சட்டியைத் தூக்கி வந்திருக்கிறார்.

"எங்கையால முளைக்கப் போட்டது, கட்டறதுனா இதுக்குத்தான் கட்டுவேன்னு ஒரே புடியா நின்னான். பூசாரியும் மரந்தானேன்னு உட்டுட்டாரு. வெட்டறப்ப நுனியில ஒரு கொழுந்தைக் கத்தரிச்சுட்டு, வெட்டியாச்சுன்னுட்டான்."

"அப்படின்னா அந்தச் சாவு?"

நங்கையா என் வயிற்றைத்தான் பார்த்தார்.

வயிறு மேடிட்டது, ஆனால் உள்ளே அசைவே இல்லை. ஐந்து மாதமானது, ஆறும் ஆனது. மருத்துவச்சி கைவைத்துப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம் என்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள். ஜன்னலில் காய் மட்டும் பருத்துக்கொண்டே வந்தது. அந்தக் குட்டிக் கிளைக்கு ஒவ்வாத அளவு பெரிய காய். அதைத் தாங்க அவர் ஒரு மூங்கில் குச்சி ஊன்றிவைத்தார்.

அன்றைக்குக் கேட்டே விட்டேன். "அதை வெட்டிப்போடுங்க."

தறியில் இருந்தவர் கையை நிறுத்தினார். "ரெண்டு பேரைக் கொண்டுபோய்ப் பொதைச்சேன் முத்தாயி. சாவாம இருக்கறவ இவ ஒருத்திதான். இவளையும் எங்கையாலயே வெட்டச் சொல்றியா?"

"அப்ப நான் சாவட்டுமுங்களா?"

அவர் குனிந்து ஊடை நூல் ஓடும் நாடாவைத் தள்ளினார். தறிச் சத்தம் மறுபடி தொடங்கியது. அந்த மனுஷன்மேல் எனக்கு வந்த வெறுப்பை இன்றைக்கும் அப்படியே எடுத்துக்காட்ட முடியும்.

சந்தை நாளில் அவர் சேலைகளைக் கட்டிக்கொண்டு கிளம்பியதும், அரிவாளோடு ஜன்னலுக்குப் போனேன். உச்சி வெயில். மஞ்சள் வாசம் மூச்சு முட்டியது. அடித்தண்டில் ஒரே வெட்டு என்று கணக்குப் பண்ணி, மரம் ஆடாமல் இருக்க இடது கையால் பிடித்தேன். காய் என் உள்ளங்கைக்குள் வந்தது.

அது உதைத்தது.

கையை எடுத்துவிட்டு மறுபடி பிடித்தேன். ஓட்டுக்குள்ளிருந்து, சின்னதாக, இரண்டு தரம் உதைத்தது. என் வயிறு கல்லாகக் கிடந்தது. என் பிள்ளை எங்கே இருக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அரிவாளைக் கீழே வைத்துவிட்டேன். அவளை வெட்டினால் பிள்ளையும் போய்விடுமே.

அடுப்பங்கரைக்குப் போய் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்தேன். வாழ்க்கையில் யாரிடமும் இப்படித் தழைந்து பேசினவள் இல்லை நான்.

"அக்கா" என்றேன். "நீதான் மூத்தவ. நான் ஒப்புக்கறேன். இந்த ஊட்டுல மொதல் தண்ணி உனக்கு, மொதல் பூவும் உனக்கு. அருவாளைத் தொடமாட்டேன். எம்புள்ளையை மட்டும் எங்கிட்டக் குடுத்துரு."

தண்ணீரை ஊற்றினேன். மண் சட்டென்று குடித்துவிட்டது. சாயங்காலம் அடுப்பு மூட்டக் குனிந்தபோது, என் வயிற்றுக்குள் முதல் உதை விழுந்தது. அடுப்பங்கரையிலேயே உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். தினமும் முதல் தண்ணீர் நான்தான் ஊற்றினேன். பங்குனியில் ஒரு காலை, வலி கண்டது. நங்கையாவும் மருத்துவச்சியும் கூட இருந்தார்கள். பெண் குழந்தை, நானும் பிழைத்துக்கொண்டேன். ஜன்னலடியில் பழம் உதிர்ந்து உடைந்து கிடப்பதாகவும், ஓட்டுக்குள் ஒரு கொட்டைகூட இல்லை என்றும் மருத்துவச்சி சொன்னாள்.

பிறந்த பிள்ளையின் நாக்கில் முதல் இனிப்பைத் தொட்டுவைப்பதைச் சேனை வைப்பது என்போம். யார் வைக்கிறார்களோ அவர்கள் குணம்தான் பிள்ளைக்கு வரும். நங்கையா பொறுமைசாலி, அதனால் அவரைத்தான் வைக்கச் சொல்லியிருந்தேன். அவர் சர்க்கரைத் தண்ணீரை விரலில் தொட்டு, குழந்தையின் வாயருகே கொண்டுபோனார். கொண்டுபோன விரல் அப்படியே நின்றது.

"முத்தாயி, இங்க பாரு" என்றார்.

குழந்தை கண்ணை இடுக்கி, வாயைக் கூட்டி, நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டிருந்தது. குனிந்து மோந்து பார்த்தேன். வாயில் புளிப்பு வாசம். எங்கள் மூவர் கையைத் தவிர இன்னும் யார் கைக்கும் பிள்ளை போகவில்லை. ஆனால் சேனை ஏற்கெனவே வைத்தாகிவிட்டது.

பிள்ளையை நெஞ்சோடு இழுத்து அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதேன். பயந்துவிட்டேன் என்று நினைத்து நங்கையா என் தலையைத் தடவிக்கொடுத்தார். எனக்கல்லவா தெரியும், அது பொறாமை.