பிறக்கப்போகும் பிள்ளையின் எஜமான்

“இப்போ நான் உங்களுக்கு யாருங்க?” என்று கேட்டாள் கெசியா, அடிமையாக இருந்த அவளை எப்ராயிம் அவள் எஜமானிடமிருந்து விலைக்கு வாங்கி வீட்டுக்கு அழைத்துவந்த அன்று.

“பொண்டாட்டிதான்.”

“பத்திரத்துல?”

“பத்திரத்துல எஜமான். போடி, ரொட்டி சுடு, எஜமானுக்குப் பசிக்குது.”

இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பை நினைத்தால் எப்ராயிமுக்கு இப்போது உடம்பு கூசியது. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், பீட்டர்ஸ்பர்கில் பீப்பாய் செய்து பிழைக்கும் சுதந்திரமான கறுப்பினத்தவன் அவன். அடிமைமுறையை அடியோடு வெறுத்தான். சட்டத்தை மட்டும் மீறமாட்டான். மனைவிக்கு விடுதலை எழுதினால், ஒரு வருடத்துக்குள் அவள் வர்ஜீனியாவை விட்டே போகவேண்டும். கூடப் போனால் அவனும் திரும்பிவர முடியாது. ஆற்றுக்கு அக்கரைப் பண்ணையில் அடிமையாக இருக்கும் அம்மாவுக்கோ அவனை விட்டால் ஆளில்லை. அதனால், விடுதலையான பிறகும் கெசியா இங்கேயே இருக்க அனுமதி கேட்டுச் சட்டசபைக்கு மனு மேல் மனு போட்டான். “கொஞ்சம் பொறு, சட்டம் மாறும்” என்பான்.

எதிர்வீட்டு டைட்டஸும், இதேபோல் விலைக்கு வாங்கியிருந்த தன் மனைவி ரோடாவிடம் அப்படித்தான் சொல்லிவந்தான். திடீரென்று செத்துப்போனான். மேசை நாற்காலிகளோடு சேர்த்து ரோடாவையும் அவனுக்குக் கடன் கொடுத்தவர்கள் ஏலம் விட்டார்கள்.

“நாளைக்கு எழுதித் தர்றேன்னாரே!” வண்டியில் ஏற்றும்போதும் அவள் அலறினாள்.

அந்த வீடு பூட்டிக் கிடந்தது. ஆனாலும் எப்ராயிம் காலிப் பீப்பாயைத் தட்டும்போதெல்லாம் அந்த வீட்டுக்குள்ளிருந்து அவள் குரல் வந்தது: நாளைக்கு, நாளைக்கு.

இன்று அவன் ஒரு பீப்பாயைப் பாதியாக அறுத்துத் தொட்டில் செய்துகொண்டிருந்தபோது, நிறைமாத வயிற்றோடு கெசியா சாப்பாடு கொண்டுவந்தாள்.

“யாருக்குங்க தொட்டில்?”

“என் பிள்ளைக்கு.”

“பத்திரத்துல?”

இந்த முறை அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. தாய் அடிமையென்றால் பிள்ளையும் அடிமை. தன் ரத்தத்துக்கே அவன் எஜமானாகப் போகிறான். சுத்தியலை எடுத்துத் தொட்டிலின் விளிம்பைத் தட்டினான்.

கெசியா சட்டென்று எதிர்வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். “உங்களுக்கும் கேக்குதா, ரோடா குரல்?”

அவன் தலையசைத்தான்.

ரோடாவின் வண்டி போன நாளிலிருந்து கெசியா சொல்லாமல் வைத்திருந்தது வெளியே வந்தது.

“அத்தையை விட்டுட்டு வாங்கன்னு நான் கேக்கலைங்க. நீங்க இங்கயே இருங்க, நான் பிள்ளையோட போறேன். எனக்கு விடுதலை எழுதிக் குடுத்துடுங்க. பிள்ளை பிறக்குறதுக்குள்ள. இன்னைக்கே.”