ஏழு பேர் பெயர் பொறித்த கதவு

"ஜெயிச்சுட்டோம்டி!" என்று கத்திக்கொண்டே காசிமிர் சமையலறைக்குள் நுழைந்தான். சேறு அப்பிய பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை. மூன்று வாரமாகக் கம்பெனியோடு மல்லுக்கட்டிய தொழிற்சங்கக் கமிட்டியின் ஏழு பேரில் அவனும் ஒருவன். ஏழும் ஆண்கள்.

அவன் மனைவி லோரெய்ன் கோஸ் இலைக்குள் கறியும் சோறும் வைத்துச் சுருட்டிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"கக்கூஸ் என்னாச்சு?"

காசிமிர் அடுப்பிலிருந்த பானை மூடியைத் திறந்து மோந்தான். "நல்லா மணக்குது."

"மணக்குறது இருக்கட்டும். கக்கூஸ் என்னாச்சுன்னு கேட்டேன்."

"அது அடுத்த வாட்டி. ஒண்ண விட்டாத்தானே ஒண்ணப் புடிக்கலாம்? மான் வேட்டை ஆரம்பிக்கிற நாளு, நவம்பர் பதினஞ்சு, இனிமே சம்பளத்தோட லீவு! டெட்ராய்ட்டுல எந்தச் சங்கம் வாங்கியிருக்கு, சொல்லு பாப்போம்?"

அந்தக் கார்த் தொழிற்சாலையில் நவம்பர் பதினைந்து ஒரு விசித்திரமான நாள். வருடாவருடம் அன்றைக்கு முந்நூறு மாமியார்கள் ஒரே சமயத்தில் செத்துப்போவார்கள். மருமகன்கள் துக்கம் தாங்காமல் துப்பாக்கியோடு காட்டுக்கு ஓடுவார்கள். காசிமிரின் மாமியார் மட்டும் இதுவரை நான்கு முறை செத்திருக்கிறாள். அடுத்த தெருவில் குத்துக்கல்லாக உட்கார்ந்துகொண்டு, ஞாயிறுதோறும் மருமகனுக்குக் கசகசா கேக் அனுப்புகிறாள்.

பெண்களின் கதை வேறு. கார் பூட்டும் லைனில் பெண்களை எடுத்து இரண்டு வருடம் ஆகிறது. அவர்களுக்கான கழிப்பறையோ ஆபீஸ் கட்டடத்தில், தொழிற்சாலையின் மறுகோடியில். போக ஆறு நிமிடம், வர ஆறு நிமிடம், இடைவேளை பத்து நிமிடம். அதனால் காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் கார்க் கதவுக்குக் கைப்பிடி முடுக்கிக்கொண்டிருந்தார்கள். லோரெய்னுக்குச் சிறுநீரகம் வீங்கிப்போயிற்று. தினம் எட்டு டம்ளர் தண்ணீர் குடித்தே ஆகவேண்டும் என்றார் டாக்டர். குடித்தாள். இடைவேளை முடிந்து தாமதமாக வந்ததற்கு மூன்று மெமோ வாங்கினாள். நாலாவது வந்தால் வேலை போய்விடும்.

"நான் ஆஸ்பத்திரில கிடந்தேனே, அப்ப பக்கத்துல உக்காந்து அழுதியே, அது யாரு?"

"நாந்தான். அதுக்காக? ஏழு பேருல ஆறு பேரு மானுதான்னுட்டாங்க."

"ஏழாவது ஆளு?"

காசிமிர் பூட்ஸைக் கழற்றத் தொடங்கினான். லோரெய்ன் அடுத்த கோஸ் இலையை நறுக்கென்று சுருட்டினாள். பாவி, கட்டின பெண்டாட்டியைவிட மான் பெரிதாகப் போயிற்றா!

ஞாயிற்றுக்கிழமை, ஒப்பந்தத்தை ஏற்க ஓட்டெடுக்கும் கூட்டம். சங்கக் கட்டடத்தில் பீப்பாய் பீப்பாயாக இலவச பீர். நானூறு ஆண்கள் வெற்றிக் களிப்பில் குடித்தார்கள். அந்தக் கட்டடம் பெண் உறுப்பினரையே கனவு காணாத காலத்தில் கட்டியது. இருந்தது ஒரே கழிப்பறை. அதன் வாசலில் நாற்பது பெண்கள் வரிசையாக நின்றார்கள். முன்னால் நாற்காலி போட்டு, முட்டை அவிக்க நேரம் பார்க்கிற கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு லோரெய்ன் உட்கார்ந்திருந்தாள். லைனில் அவளோடு வேலை செய்யும் ஒடெஸா உள்ளே போய்ப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டான் ஒரு தடியன்.

"ஆளுக்குப் பத்து நிமிசம். ஒப்பந்தப்படிதான். வரிசைல நில்லு தம்பி, நாப்பத்தோராவது."

வெளியே ஒதுங்கலாமென்றால் எதிரே மாதா கோயில். பூசை முடிந்து, படி நிறையக் கன்னியாஸ்திரீகள். ஆண்கள் கால் மாற்றிக் கால் நின்றார்கள். ஒருவன் பீர்க் கோப்பையை வெறித்துப் பார்த்துக் கண் கலங்கினான்.

காசிமிர் தொடையை இறுக்கிக்கொண்டு வந்தான். "லோரெய்ன், நீ ஒரு பொண்டாட்டியா?"

"வீட்டுலதான் பொண்டாட்டி. இங்க சந்தா கட்டுற உறுப்பினர்."

"அவசரம்டி!"

"எட்டு மணி நேரம் பொறுத்துப் பாரு. பழகிடும்."

மேடையில் தலைவர், "சகோதரர்களே..." என்று ஆரம்பித்தார். "சீக்கிரம் முடிய்யா!" என்று நானூறு சகோதரர்களும் அலறினார்கள். தீர்மானம் போட்டால் வரிசை கலையும் என்றாள் லோரெய்ன். பெண்களுக்கு லைன் பக்கத்திலேயே கழிப்பறை கேட்டு ஒப்பந்தத்தைத் திருப்பி அனுப்புவது என்ற தீர்மானம் ஒன்றரை நிமிடத்தில் நிறைவேறியது. சங்க வரலாற்றில் அப்படி ஒரு ஒற்றுமை அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

மறுநாள் கமிட்டி ஏழு பேரும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய் மேசையைத் தட்டினார்கள். கம்பெனி அதிகாரி விட்கோம்ப் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"கக்கூஸா? தாராளமா கட்டித் தரோம். போன வருசமே ப்ளான் போட்டு வெச்சாச்சு. நீங்க கேப்பீங்க, அதுக்குப் பதிலா எதையாவது விட்டுக் குடுப்பீங்கன்னு மூணு வாரமா பாத்தேன். வாயே தொறக்கலையே நீங்க."

காசிமிர் இதை வீட்டில் சொல்லவில்லை. விட்கோம்பின் டைப்பிஸ்ட் ஒடெஸாவிடம் சொன்னாள். ஒடெஸா லோரெய்னிடம் சொன்னாள். லோரெய்ன் ஒரு வாரம் புருஷனுக்குச் சோறு மட்டும் போட்டாள், பேச்சுப் போடவில்லை.

மான் லீவும் கிடைத்தது, கழிப்பறையும் வந்தது. லோரெய்ன் எட்டு டம்ளர் தண்ணீரையும் நிம்மதியாகக் குடித்தாள். நாலாவது மெமோ வரவேயில்லை. திறப்பு விழாவுக்குச் சங்கமும் கம்பெனியும் சேர்ந்து கழிப்பறைக் கதவில் பித்தளைத் தகடு ஒன்று பொருத்தின. 'பெண்களின் நலனுக்காக அயராது போராடிய வீரர்கள்' என்று தலைப்பு. கீழே ஏழு பெயர்கள். மூன்றாவது காசிமிர் நோவிட்ஸ்கி.

மறுநாள் மதிய இடைவேளையில் காசிமிர் கேமராவோடு வந்தான். கதவில் நான்கு ஓட்டைதான் இருந்தது. தினம் அறுநூறு கைப்பிடி முடுக்குகிறவளுக்கு நாலு திருகாணி எம்மாத்திரம்?

"என் பேரு எங்கடி?"

"பத்திரமா உள்ளதான் இருக்கு," என்றாள் லோரெய்ன், தண்ணீர் டம்ளரைக் காலி செய்துகொண்டே. "உக்காந்தா கண்ணுக்கு நேரா தெரியும். காலையிலேருந்து நாப்பது பேரு படிச்சாச்சு."

"நான் எப்படிப் பாக்குறது?"

"நீ பாக்க முடியாது. பொம்பளைங்க மட்டுந்தான் உள்ள போகலாம். ஒப்பந்தத்துல இருக்கு. நீதானே கையெழுத்துப் போட்ட?"

காசிமிர் கேமராவை மூடுவதா திறப்பதா என்று தெரியாமல் கதவை மறித்து நின்றான்.

"தள்ளி நில்லுங்க வீரரே," என்றாள் வரிசையிலிருந்த ஒடெஸா, "எங்களுக்கு அவசரம்."