பெலிஸ்தருக்கும் ஓய்வுநாள்

இந்தக் காலத்து ஆட்களுக்குத் தங்களுடையது எதையும் காப்பாற்றி வைக்கத் தெரியவில்லை. பெற்ற பிள்ளைக்குப் பாபிலோன் சாமி பெயரை வைக்கிறான். கேட்டால், அரண்மனையில் வேலை கிடைக்கும் என்கிறான். எருசலேமிலிருந்து யூதர்களான எங்களைப் பாபிலோனுக்கு ஓட்டிவந்த பிறகு எங்களுக்கென்று மிஞ்சியது ஓய்வுநாள் ஒன்றுதான். கோயிலை எரித்தவனால் அதை எரிக்க முடியவில்லை. இப்போது அதற்கும் பங்காளிகள் வந்துவிட்டார்கள்.

கேபார் வாய்க்காலில் எங்கள் ஊருக்கு அதிகாரி ஒதுக்கிய தண்ணீர்முறை ஓய்வுநாளிலேயே விழுந்தது. அன்றைக்கு நாங்கள் மடையைத் தொடமாட்டோம். நாளை மாற்றிக் கொடு என்று கேட்டோம். ஒரு ஊருக்காக மாற்ற முடியாது என்று விரட்டினான்.

பக்கத்து ஊரில் அஸ்கலோன் பெலிஸ்தர் இருக்கிறார்கள். எங்கள் கோயிலை எரித்த அதே ராஜா எங்களுக்கு முன்பே பிடித்து வந்த கூட்டம். என் தாத்தா காலத்தில் நேருக்கு நேர் பார்த்தால் வெட்டிக்கொண்டிருப்போம். அவர்களில் பெரியவன் மித்திந்தி. அவனும் அவன் மகன்களும் ஓய்வுநாளில் எங்கள் மடையைத் திறப்பார்கள். பதிலுக்கு அறுப்புக்கு நாங்கள் ஆள் அனுப்புவோம். என் வயல் கடைமடை. அதனால் ஒவ்வொரு முறையும் கரையில் நின்று பார்ப்பேன்.

“என்ன பெரியவரே, கண்ணாலயே தண்ணிய இழுத்துடுவீங்க போலிருக்கே?”

“நீ உன் வயலுக்கு இழுக்காம இருக்கணும்ல.”

“நான் பன்னி திங்கறவன்தான். அடுத்தவன் தண்ணியத் திங்க மாட்டேன்.”

வாற்கோதுமை கதிர் விடும் சமயத்தில் ஒரு ஓய்வுநாள் மித்திந்தி தனியாக வந்து நின்றான். மடைப்பலகை ஒற்றை ஆளுக்கு அசையாது.

“பசங்க எங்கய்யா?”

“உங்க ஓய்வுநாள் கூட்டத்துல உக்காந்திருக்கானுங்க. இனிமே ஏழாம் நாளு வேலை செய்ய மாட்டானுங்களாம்.”

தண்ணீர் என் வயலைத் தாண்டிச் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. இன்னொரு முறை தப்பினால் கதிர் பதராகிவிடும். நேராகக் கூட்டத்துக்குப் போனேன். பேரீச்ச மரத்தடியில் பெலிஸ்தப் பையன்கள் என் மருமகன் பெலத்தியாவோடு அப்பம் தின்றுகொண்டிருந்தார்கள்.

“எழுந்து போங்கடா! இது எங்க நாளு.”

பெலத்தியா குறுக்கே வந்தான். “மாமா, இந்த நாளை மதிக்கிற அந்நியனுக்கும் இடம் உண்டுன்னு தீர்க்கதரிசி சொல்றாரு.”

“எந்தத் தீர்க்கதரிசி? ரெண்டே வருசத்துல வீட்டுக்குப் போயிடுவோம்னு அளந்தானே, அவனா?”

“அவன் பொய்யன் மாமா. இவரு வேற.”

“இந்த வேற ஆளு வந்து என் வயலுக்குத் தண்ணி ஊத்துவாரா?”

எல்லோரும் சிரித்தார்கள். பின்னாலேயே வந்த மித்திந்தி சிரிக்கவில்லை.

“உங்களுக்குத் திட்டறதுக்காவது ஒரு தீர்க்கதரிசி வராரு. எங்களுக்கு யாரும் வரலீங்க. எங்க சாமிக்கு எது நாளுன்னு என் பசங்களுக்கே தெரியாது. எங்கயாவது உக்காரணும்ல?”

நான் வயலைப் பார்க்கப் போய்விட்டேன்.

மறுநாள் பெலத்தியாவும் அந்தப் பையன்களும் சேர்ந்து அதிகாரியிடம் போனார்கள். ஏழாம் நாளில் இரண்டு ஊரிலும் மடை திறக்க ஆள் கிடையாது என்று சொன்னார்கள். திறக்காத தண்ணீரெல்லாம் கீழே அவனுடைய சொந்தத் தோப்பில்தான் போய் ஏறி மரங்களை அழுகவைக்கும். யோசித்தான். எங்கள் முறையை ஒரு நாள் முன்னால் தள்ளிக் கொடுத்தான். அந்த வாரமே பெலத்தியாவோடு சேர்ந்து நானே மடை திறந்தேன். கதிர் பிழைத்தது.

அடுத்த ஓய்வுநாள் கூட்டத்தில் அந்தப் பையன்கள்தான் எல்லோரையும்விடச் சத்தமாக, ராகமே இல்லாமல் பாடினார்கள். ஓரமாக உட்கார்ந்திருந்த மித்திந்தி என்னைப் பார்த்து இடம் விட்டான்.

“உக்காருங்க. தண்ணி வந்துச்சுல்ல?”

“வந்துச்சு. அதுக்காக நீ யூதன் ஆயிடுவியா?”

“நான் எங்க ஆனேன்? சும்மா நிழலுக்கு வந்தேன்.”

மறுபடியும் சிரிப்பு. நாளைக்கே ஊர் திரும்ப உத்தரவு வந்தால் இந்தப் பையன்கள் எந்தப் பக்கம் நடப்பார்கள், அஸ்கலோனுக்கா எருசலேமுக்கா என்று பெலத்தியாவைக் கேட்டேன். “நம்மகூடத்தான் மாமா,” என்றான், ஏதோ போய்ப் பார்த்துவிட்டு வந்தவன் மாதிரி. எனக்கு நம்பிக்கை இல்லை. கோலை எடுத்துக்கொண்டு கரையோடு நடந்தேன்.